சவமேடைக்கு மேலே இருந்த நட்சத்திரங்கள்

சுண்ணாம்பை எவ்வளவு நாள் ஊற வைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் எவ்வளவு விட வேண்டும் என்றெல்லாம் இனிமேல் என்னைக் கேட்காதீர்கள். அதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் உங்கள் போனில் இருக்கிறது. பழைய கட்டடங்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு, முட்டி தேய்ந்து, படி ஏறினால் மூச்சு வாங்குகிற நிலைமையில் வீட்டில் கிடக்கிறவள் நான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். சாரத்தில் தாவி ஏறுகிற வயதில் நானே யார் பேச்சையும் கேட்டதில்லை.

அப்புறம் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், சமீபத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். மேடையில் ஒரு பையன், நன்றாகப் படித்தவன், திரையில் இரண்டு படம் போட்டான். முதல் படத்தில் ஒரு சின்னக் கோயிலின் வளைந்த கூரை, நீல வண்ணம், அது நிறையப் பொன் நட்சத்திரங்கள். இரண்டாவது படத்தில் அதே கூரை. நடுவில் நட்சத்திரமும் இல்லை, நீலமும் இல்லை, மொட்டைச் செங்கல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. “பாதுகாக்க வந்தவர்களே அழித்ததற்கு இது உதாரணம்” என்றான். யார் செய்தது என்று ஒருத்தர் கேட்டார். “யாரோ ஒரு இன்ஜினியர்” என்றான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த சமோசாவைத் தின்றுகொண்டிருந்த நான்தான் அந்த யாரோ.

எழுந்து பேசியிருக்கலாம். அலுப்பாக இருந்தது. அங்கே பேசாததை இங்கே பேசுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். திருவாரூர்ப் பக்கம், வெட்டாற்றங்கரையை ஒட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு கல்லறைத் தோட்டம். அதன் நடுவில் ஒரு சின்னக் கோயில். தினப்பூசைக்கான கோயில் ஊருக்குள் இருக்கிறது. இது சாவுக்கு மட்டும். பிணத்தை இங்கே கொண்டுவந்து, நடுவில் இருக்கும் கருங்கல் மேடையில் இறக்கி, ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்த பிறகுதான் குழிக்குக் கொண்டுபோவார்கள்.

முதல் நாள் உள்ளே போனவள் கொஞ்ச நேரம் வேலையையே மறந்துவிட்டேன். அப்படி ஒரு அழகு. கட்டச் சொன்னவர் வெள்ளைக்காரச் சாமியார். கூரான வளைவுகளும் உயரமான ஜன்னல்களும் அவர் ஊர்க் கணக்கு. கட்டியவர்களோ நம் பக்கத்துச் சுதை வேலைக்காரர்கள். கோபுரத்தில் பொம்மை செய்து பழகிய கை எங்கே போகும்? வாசலுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற சம்மனசுகளுக்கு, அதாவது தேவதூதர்களுக்கு, உருண்டைக் கன்னம், பிதுங்கிய கண், இடுப்பில் மடிப்பு மடிப்பாகப் பட்டுக் கச்சம். சிறகை எடுத்துவிட்டால் சிவன் கோயில் துவாரபாலகரேதான். பீடத்தைச் சுற்றி கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். திராட்சையை எப்படியோ சமாளித்துவிட்டார்கள். கோதுமையை அவர்கள் எங்கே கண்டார்கள்? அறுப்புக்குத் தலை சாய்ந்து நிற்கிற நெற்கதிரைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசலுக்கு மேலே ஒரு மண்டையோடு. அதுகூடச் சிரித்த முகமாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கூரை. செங்கல்லை வளைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசி, வேட்டிக்குப் போடுகிற நீலம் மாதிரி ஒரு நீலம் தீட்டி, அதில் கையகலச் சுதை நட்சத்திரங்களைப் பதித்துப் பொன் பூசியிருந்தார்கள். ஜன்னலின் மஞ்சள் கண்ணாடி வழியாக வெயில் ஏறும்போது பாதி நட்சத்திரம் மினுங்கும், பாதி மங்கும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கூரை பார்த்துவிட்டேன். அதுபோல ஒன்று பார்க்கவில்லை.

அந்தக் கூரைதான் ஒழுகியது. வெளியே ஆலஞ்செடி முளைத்து வேர் இறங்கி, உள்ளே பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கல்லறைத் திருநாளுக்குள் சரிசெய்து தரச் சொல்லி வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. கல்லறைத் திருநாள் ஐப்பசி மழையில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். வேலையை ஒப்புக்கொண்ட மேலிடத்துக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா ஜன்னலும் ஆள் உயரத்துக்கு மேலே இருக்க, தெற்குச் சுவரில் ஒன்று மட்டும் இடுப்புயரத்தில் இருந்தது. கம்பி கிடையாது. அதற்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு சிமெண்டு மேடை. ஏன் இது மட்டும் இவ்வளவு தாழ்வு என்று ஃபாதரைக் கேட்டேன். இளம் வயசு, புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனுஷர், ஆனால் எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லுகிறவர். “பழைய அமைப்புங்க மேடம்” என்றார். அவ்வளவுதான்.

பதில் செலின் டீச்சரிடமிருந்து வந்தது. தெற்குத் தெருக்காரர், பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. தெற்குத் தெரு ஆட்கள் ஒரு காலத்தில் பண்ணையாட்கள். மேலத் தெருக்காரர்களின் நிலத்தில் நாற்று நட்டு, கதிர் அறுத்து வாழ்ந்தவர்கள். இன்றைக்கு அந்தத் தெருவில் நிலம் வைத்திருக்கிறவர் உண்டு, நர்ஸ் உண்டு, வங்கியில் இருக்கிறவர் உண்டு. ஒரே ஞானஸ்நானம், ஒரே பூசை. ஆனால் செத்தால் மேலத் தெரு உள்ளே, தெற்குத் தெரு கொட்டகையில். ஃபாதர் உள்ளே நின்றபடி அந்த ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தீர்த்தம் தெளிப்பார்.

“இப்பவுமா?” என்று கேட்டுவிட்டேன்.

“இப்பல்லாம் அப்படி இல்லன்னு பூசையிலயே அறிவிச்சுட்டாங்க மேடம்” என்றார் டீச்சர். “யாரும் வேணாம்னும் சொல்றதில்ல. ஆனா ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒரு தடவ சாவி கிடைக்காது. ஒரு தடவ கூட்டம் ஜாஸ்தி, உள்ள எடம் பத்தாதும்பாங்க. எங்கம்மா செத்தப்ப உள்ள வெள்ளையடிச்சு ஈரமா இருக்குன்னாங்க. துக்கத்துல யாருங்க சண்டை போடுவா? கொட்டகையிலயே வச்சுட்டோம்.”

டீச்சரின் அப்பா சவரிமுத்துப் பெரியவர் நாங்கள் சாரம் கட்டிய நாளிலிருந்து அங்கே வருவார். நடை தள்ளாட்டம், நெஞ்சில் கோளாறு, டாக்டர் கெடு வைத்துவிட்டார். வாயை மட்டும் யாராலும் அடக்க முடியாது. தாழ்ந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, குனிந்து, கழுத்தை முறுக்கி உள்ளே பார்ப்பார்.

“உள்ள வந்தே பாருங்களேன்யா” என்றேன்.

“உசுரோட வர்றதுக்கு யாரும்மா தடுத்தா? கல்லறைத் திருநாளுக்கு நானுந்தான் வந்து நிப்பேன். அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது. மல்லாந்து படுத்தாத்தான் நல்லாத் தெரியும் போல. எனக்கு அந்தக் கல்லுல ஒரு எடம் வேணும், அம்புட்டுதான். எங்கப்பன் கொட்டகையில கெடந்தாரு, எம் பொண்டாட்டி கொட்டகையில கெடந்தா. நான் உள்ள கெடக்கணும். வேலைய வெரசா முடிம்மா. நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டடம் அவசரப்படுத்தினால் கேட்காது. மழையோ விட்டபாடில்லை.

நினைத்தது போலவே ஆயிற்று. ஒரு நாள் காலையில் ஊர்க்கோயிலில் சாவு மணி அடித்தது. சவரிமுத்துப் பெரியவர் போய்விட்டார். மறுநாள் மாலை அடக்கம் என்று முடிவாயிற்று. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர வேண்டும், உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். எங்கள் வேலை பாதியில் நின்றது. வாசலிலிருந்து பீடம் வரைக்கும் இரும்புக் குழாய்ச் சாரம். நடுவில், சரியாக அந்தக் கல்மேடைக்கு மேலே, பிரிந்து தொங்கும் பூச்சைத் தாங்கிக்கொண்டு பலகையும் முட்டும்.

பத்து மணிக்கு, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையின் தலைவர் வந்தார். மேலத் தெருக்காரர், பெரிய குடும்பம். மரியாதையான மனுஷர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தினமும் அவர் வீட்டிலிருந்துதான் டீயும் வடையும் வரும். ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் கேட்டதில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“பெரியவர் போயிட்டாரு, பாவம்” என்று ஆரம்பித்தார். “உள்ள வைக்கணும்னு டீச்சர் கேக்குறாங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல மேடம். காலம் மாறிப் போச்சு. ஆனா கூரை தலையில விழுந்து நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்க ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். டீச்சர் படிச்சவங்க, புரிஞ்சுக்குவாங்க.”

ஃபாதர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “நீங்க என்ன சொல்றீங்க ஃபாதர்?” என்றேன்.

“இன்ஜினியர் மேடம் சொல்றதுதாங்க” என்றார், சுவரைப் பார்த்து.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வெள்ளையடித்த ஈரம், காணாமல் போன சாவி, பத்தாத இடம் எல்லாம் வந்து போய், இந்தத் தடவை நான் வந்து வாய்த்திருக்கிறேன். இதில் கொடுமை என்னவென்றால், தலைவர் சொன்னது உண்மை. பொய்யாக இருந்திருந்தால் போங்கய்யா என்று சொல்லியிருப்பேன். கூரை நிஜமாகவே ஆபத்துதான்.

ஜமால் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். நாகூர்க்காரர், சுண்ணாம்பு வேலையில் எனக்கு வலது கை. மரச் சுத்தியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனோம். வாசல் பக்கம் கெட்டியான சத்தம், பயமில்லை. பீடத்துக்கு மேலேயும் பயமில்லை. நடுவில் தட்டினால் தகர டின்னைத் தட்டுவது போலக் கேட்டது. முந்தின ராத்திரி மழையில் ஊறி இன்னும் கனத்திருந்தது. உயரம் சின்னதில்லை. அதிலிருந்து ஒரு நட்சத்திரம் தலையில் விழுந்தால் மண்டை பிளக்கும்.

சாரத்தை வைத்துக்கொண்டு சவப்பெட்டி உள்ளே நுழையாது. சாரத்தை எடுத்தால் முட்டு போகும். முட்டு போனால் பூச்சு விழும். பின்னாலிருந்து பசை செலுத்தி ஒட்ட வைக்கலாம், அது பிடித்துக் காய மழை விட்டு வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு நட்சத்திரமாக அறுத்து எடுத்துப் பத்திரப்படுத்தலாம், அதற்கும் மாதம் ஆகும். மறுநாள் மாலைக்குள் அந்தக் கல்மேடையில் ஒரு பெட்டியை இறக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. பிரிந்த பூச்சு முழுவதையும் நட்சத்திரங்களோடு நாமே கீழே இறக்கிவிடுவது.

மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜமால் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். “வேணாம் மேடம்” என்றார். “இத காப்பாத்தத்தான வந்தோம்?”

அங்கிருந்தே என் பழைய மேலதிகாரிக்குப் போன் போட்டேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர், ஒருத்தருக்கும் பயப்படாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

“எறக்கினது திரும்ப வராது, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“நானா இருந்தா கை வைக்க மாட்டேன். ஆனா நான் இங்க ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டுச் சொல்றேன். அங்க நிக்கிறது நீ. என்னைக் கேட்டுத்தான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லாத. கேக்காம விட்டேன்னும் சொல்லாத.” போனை வைத்துவிட்டார். இதில் என்ன உதவி என்று அன்றைக்குத் திட்டினேன். யோசித்துப் பார்த்தால் அதைவிட நேர்மையாக அவர் என்ன சொல்லியிருக்க முடியும்?

இறங்கி, தெற்குத் தெருவுக்குப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். டீச்சர் பெட்டி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டு அவரே ஆரம்பித்தார்.

“ஆபத்துன்னு சொல்ல வந்திருக்கீங்க.”

“ஆபத்துதாம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வழி இருக்கு. அந்த நடுப்பூச்ச நாங்களே தட்டி எறக்கிட்டா, பயமில்லாம உள்ள வைக்கலாம். ஒண்ணுதான். அப்பாவுக்கு மேல நட்சத்திரம் இருக்காது. வெறும் செங்கல்தான் இருக்கும். அவர் ஆசைப்பட்டாரு…”

டீச்சருக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக.

“அவரு நட்சத்திரமா கேட்டாரு? உள்ள ஒரு எடம் கேட்டாருங்க. நட்சத்திரம் வேணும்னா ராத்திரி வயல்ல படுத்தா தெரியாதா அவருக்கு? ஆயுசு பூரா அங்கதான காவலுக்குப் படுத்தாரு!” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்களுக்கு இதனால வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே மேடம்?”

அந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார் பாருங்கள், அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பி வந்து தலைவரிடமும் ஃபாதரிடமும் சொன்னேன். “கூரை ஆபத்துதாங்க. அதனால ஆபத்த எறக்கப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் பெரியவர உள்ள வைக்கலாம்.” தலைவர் முகம் வெளுத்துவிட்டது. “மேடம், அது எங்க முன்னோர் கட்டினது” என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அவருக்கும் அந்தக் கூரை மேல் உயிர். அது நடிப்பில்லை. “எனக்கும் மனசு வரலீங்க” என்றேன். ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் படம் எடுத்தோம். பிறகு பெரிய பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒவ்வொரு நட்சத்திரமும் எங்கே இருந்தது என்று வரைந்துகொண்டோம். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் விஷயம் அதுதான். அழிக்க வேண்டி வந்தால், பார்த்து அழியுங்கள். கல்தளம் உடையாமல் இருக்க வைக்கோலை மெத்தையாகப் பரப்பினோம். தெற்குத் தெருப் பையன்கள் சுமந்துகொண்டு வந்து கொட்டினார்கள்.

முதல் அடியை ஜமால் அடிக்க மாட்டேன் என்றார். நியாயம்தான். உளியை வாங்கி நானே போட்டேன். பூச்சு ஒரு முனகலோடு பிரிந்து வைக்கோலில் விழுந்து, நீலமும் பொன்னுமாகத் தூள் பறந்தது. அழுதுவிட்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்கவில்லை. சில நட்சத்திரங்கள் முழுசாக வந்தன, சாக்கில் சுற்றி வைத்தோம். பல நொறுங்கின. பொழுது சாயும் வரைக்கும் அடித்தோம், மறுநாள் விடிந்ததும் மிச்சத்தை அடித்தோம். மத்தியானத்துக்குள் சாரம் பிரித்து, தளம் கழுவி, கல்மேடையைத் துடைத்தாயிற்று. அண்ணாந்து பார்த்தேன். பீடத்துக்கு மேலே நட்சத்திரம், வாசலுக்கு மேலே நட்சத்திரம், நடுவில் தோலுரிந்த புண் மாதிரி செங்கல். சிமெண்டு மூட்டை சுமந்தது மாதிரி எனக்கு உடம்பெல்லாம் வலித்தது.

மாலையில் தூறலோடு பெரியவர் வந்தார். ஊர்க்கோயிலில் பூசை முடிந்து, பெட்டியைத் தூம்பா என்கிற சவப் பல்லக்கில் வைத்து, பையன்கள் தோளில் சுமந்து வந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். நேரே போனால் கோயில் வாசல், வலது பக்கம் போனால் தெற்குக் கொட்டகை. நான் வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூம்பா பாதை பிரிகிற இடத்துக்கு வந்தது. வலது பக்கம் திரும்பிவிட்டது.

யாரும் திருப்பிவிடவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. முன்னால் பிடித்தவர்கள் நாலைந்து தடவை வந்து பழகியவர்கள், கால் தன் பாட்டுக்குக் கொட்டகைக்குப் போகிறது. பின்னால் வந்தவர்கள் கூடவே போகிறார்கள். நான் பட்ட பாடும் அந்தக் கூரையை இறக்கியதும் எதற்காக என்று தெரிந்தவர்கள்தான்.  நான் படியிலிருந்து இறங்கினேன்.

“டேய், எங்கடா போறீங்க?” என்றார் டீச்சர். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசைக்குக் கூப்பிடுகிற குரல். எல்லாரும் நின்றுவிட்டார்கள். சுமந்தவர்களில் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான். என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. “அய்யோ, அக்கா” என்று அங்கேயே குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டான்.

“அழுவாத. தோள் மாத்திக்க. அப்பா நனையுறாரு. இந்தப் பக்கம் வா” என்றார் டீச்சர்.

வாசல் வழியாக வந்தார்கள். கல்மேடையில் இறக்கினார்கள். ஃபாதர் செபம் சொன்னார், நேர்த்தியாகத்தான் சொன்னார். தெற்குத் தெரு மொத்தமும் உள்ளே நின்றது. இடம் பத்தத்தான் செய்தது. பெண்கள் சிலர் பீடத்து நெற்கதிரைத் தொட்டுப் பார்த்தார்கள். கூரை நடுவில் மொட்டையாக இருப்பதை ஒருத்தர்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலத் தெருவிலிருந்து ஆறேழு பேர் வந்திருந்தார்கள், தலைவரும் வந்திருந்தார். வாசலுக்கு வெளியே குடை பிடித்து நின்றார்.

என் நிலவரத்தைக் கேட்பீர்கள். புகார் போயிற்று. பேரவையே எழுதிப் போட்டது, அதில் இருந்ததெல்லாம் உண்மை. அனுமதி வாங்கவில்லை, மாற்று வழிகளை முழுசாகப் பார்க்கவில்லை, திரும்பக் கிடைக்காத ஒன்றை அழித்துவிட்டேன். அலுவலகம் வேலையை அப்படியே நிறுத்தச் சொன்னது. மொட்டைச் செங்கல் மேல் ஒரு கை சுண்ணாம்புகூட வைக்க விடவில்லை. அதற்குப் பிறகு கோயில், மாளிகை என்று எதற்கும் என்னை அனுப்பவில்லை. பழைய தாலுகா அலுவலகங்களின் ஒழுகல் பார்க்க அனுப்பினார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் கழிவறைச் சுவர்களில் ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நீலத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கருத்தரங்கில் அந்தப் பையன் படம் போட்டபோது அவன் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று சொல்லத்தான் வந்தேன். ‘ஆபத்து, உள்ளே வரக்கூடாது’ என்று நீங்கள் போர்டு வைப்பீர்கள். வைக்க வேண்டியதுதான். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்த போர்டைப் பார்த்து யாருக்கு நிம்மதியாக இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள்.

கல்லறைத் திருநாள் முடிந்து, எங்கள் குழாய்களையும் சாமான்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து அங்கே ஒரு அடக்கம். தலைவரின் அம்மா. வயசான மனுஷி, படுத்த படுக்கையாகக் கிடந்தவர். மேலத் தெரு திரண்டு வந்திருந்தது. தெற்குத் தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள், டீச்சர் பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் வாசலோரமாக ஒதுங்கி நின்றேன்.

பெட்டி உள்ளே வந்தது. கல்மேடைக்கு மேலே வந்ததும் தலைவர் அண்ணாந்து பார்த்தார். மொட்டைச் செங்கல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஃபாதர் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். சின்னக் கோயில், எங்களுக்கும் கேட்டது.

“ஃபாதர், அம்மாவ கொஞ்சம் முன்னால, பீடத்துக்கிட்ட வச்சுக்கலாமா? அங்க நட்சத்திரம் இருக்கு.”

ஃபாதர் எப்போதும் போலச் சுவரைப் பார்த்தார். எனக்கு அந்த மௌனம் பழக்கம், என்ன நடக்கும் என்று தெரியும் என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைத் திருப்பி, தலைவரை நேராகப் பார்த்தார். 

“இல்லீங்க. எல்லாரையும் இங்கதான் வைக்கிறோம்.”

 தலைவர் தன் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பேருமாகப் பிடித்து, அம்மாவை அந்தக் கல்லில் இறக்கினார்கள்.